நெல்லுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

ஓர் ஊரில் நெல் விளையுமா என்று பார்ப்பவர்கள் முதலில் கேட்பது ஆண்டு மழையளவை. நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும் என்பது பாடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பெய்வதோ 800 மி.மீ. சொச்சம். அப்படியானால் அங்கே நெல்லே இருக்கக் கூடாது. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரங்களிலோ நெல்தான் முதன்மைப் பயிர். கோளாறு அந்த 1,200-இல் இருக்கிறது. அது முழுவதையும் பயிர் குடிப்பதில்லை. இலை வழியாகவும் வயல்பரப்பிலிருந்தும் ஆவியாவது நாளுக்குச் சுமார் 5 மி.மீ.; நூறு நாள் பயிருக்கு 500 போதும். மீதி, சேறடிப்பதற்கும் மண்ணுக்குள் இறங்குவதற்கும் ஆகும் செலவு. சேறடித்த களிமண்ணில் நாளுக்கு 2, 3 மி.மீ. இறங்கும்; மணல்சாரி நிலத்தில் 20-ஐத் தாண்டும். நூறு நாளும் தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் ஒன்றுக்கு 800 மி.மீ., மற்றதற்கு 2,500. மழைமானி இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

மண் பரிசோதனை அட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். தழை, மணி, சாம்பல் சத்துகளையும் உப்பையும் கார அமில நிலையையும் அது சொல்லும். உப்பு முக்கியம்தான், நெல் அதை அதிகம் தாங்காது. கார அமில நிலை அவ்வளவு பெரிய தடையல்ல. தண்ணீர் கட்டிய சில வாரங்களில் பெரும்பாலான மண் நடுநிலைக்கு அருகே வந்துவிடும். கசிவு மட்டும் அட்டையில் இராது. அதை வயலில்தான் அளக்க வேண்டும்: சேறடித்த வயலில் அடிப்பக்கம் உள்ள டிரம் ஒன்றையும் இல்லாத டிரம் ஒன்றையும் பதித்து, ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால், மறுநாள் இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசமே கசிவு. சேறடித்தால் எந்த மண்ணும் தண்ணீரைத் தாங்கும் என்பாரும் உண்டு. அடைத்துக்கொள்ள நுண்களி இருந்தால்தானே? மணலை எத்தனை சால் உழுதாலும் அது மணல்தான்.

அடுத்தது, மழை எந்த வாரங்களில் வருகிறது என்பது. ராமநாதபுரத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதற்கேற்பத்தான் அங்கே நாற்றுவிடாமல் செப்டம்பரிலேயே புழுதியில் விதைக்கிறார்கள். முதல் மாதம் பயிர் புன்செய்ப் பயிர்போல ஈரத்திலேயே வளரும். சேற்றுழவுத் தண்ணீர் மிச்சம். பிறகு கண்மாய், சுற்றுப்புற நிலத்து மழையையும் சேர்த்துத் தருகிறது. 800 மி.மீ. போதுமானதாவது இப்படித்தான். இதைவிட மழை குறைந்த பஞ்சாபில் மணற்பாங்கான வண்டலிலும் நெல் விளைகிறதே என்பது வலுவான மறுப்பாகத் தோன்றும். அங்கே பயிரைக் காப்பது மழையல்ல, ஆழ்குழாய்க் கிணறு. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால், குறித்த தேதிக்கு முன் நடவு கூடாதென்று 2009-இல் சட்டமே போட வேண்டியதாயிற்று. பம்பு போட்டு விளைவித்ததை நிலத்தின் தகுதியாகக் கணக்கெழுத முடியாது. ராமநாதபுரத்துக் கணக்கிலும் ஓட்டை உண்டு: கதிர் வெளிவரும் சமயத்தில் பத்து நாள் மழை தவறி, கண்மாயும் வற்றியிருந்தால், ஆண்டு மொத்தம் சராசரியைத் தாண்டியிருந்தாலும் களத்துக்கு வருவது பெரும்பாலும் பதர்தான். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் வறட்சி தாங்கும் குறுகியகால ரகங்களைத் தேடியதற்கு இதுவே காரணம்.