திலகவதியாரின் திருவலகு

துக்கம் நேர்ந்த வீட்டுக்கு விசாரிக்கச் செல்லும்போது நம்மில் பலர் தவறாமல் சொல்லிவிட்டு வரும் வார்த்தை ஒன்று உண்டு. "எல்லாம் ஈசுவர சித்தம்; நன்மைக்கே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்கிறோம். நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறோம். ஆனால், "எந்த நன்மைக்கு?" என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் உண்டா?

ஆண்டவன் திருவுள்ளம் விளங்காத வேளையில் அவனை நம்புவது எப்படி? இக்கேள்வி எழும்போதெல்லாம் பெரிய புராணத்துப் பெண்மணி ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். அப்பர் சுவாமிகளை அறியாத தமிழர் அரியர். அவருடைய தமக்கையார் திலகவதியாரைத் தனியே எண்ணிப் பார்ப்பவர்களோ மிகச் சிலர்.

அப்பர் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அக்குடும்பத்தின் வரலாற்றைச் சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவருக்குத் திலகவதியாரை மணம் பேசியிருந்தார்கள். மணம் நிகழுமுன் அவர் அரசன் ஆணையால் போருக்குச் சென்றார். அதற்குள் தந்தையார் நோயுற்று இறந்தார். தாயாரும் உடன் மாய்ந்தார். அந்தக் கண்ணீர் உலருமுன் கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி வந்தது.

திலகவதியார் உயிர் துறக்கத் துணிந்தார். தம்பி அவர் அடிகளில் விழுந்தான். தமக்கையும் போவதானால் தான் முந்திக்கொள்வதாகச் சொல்லிக் கதறினான். அவனுக்காக அவர் உயிர் தாங்கினார்.

கலிப்பகையார் ஏன் மடிந்தார் என்பதற்குச் சேக்கிழார் காரணம் கூறவில்லை. எல்லாம் நன்மைக்கே என்று யாரும் வந்து உபதேசிக்கவும் இல்லை. அப்பெண்ணை வாழ வைத்தது விளக்கம் அன்று. தம்பிக்கு வேறு துணையில்லை என்ற இரக்கமே.

பிறகு அந்தத் தம்பியும் பிரிந்தான். பாடலிபுத்திரம் என்று அக்காலத்தில் வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்று பெயர் பெற்றான். சமணம் கல்வியிலும் தவத்திலும் சிறந்த சமயம். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. யாருக்காக உயிர் தாங்கினாரோ அவனே விலகிப் போனான் என்பதுதான் தமக்கையின் துயரம்.

அவர் கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். பொழுது புலருமுன் எழுந்து திருவலகால் கோயிலைப் பெருக்குவார், சாணமிட்டு மெழுகுவார், பூக்கொய்து மாலை கட்டுவார். நாள்தோறும் தம்பிக்காக வேண்டுவார். ஒருநாள் கனவில் பதில் கிடைத்தது. சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்றான் இறைவன். தம்பியின் நலத்தை வேண்டியவருக்கு இது எத்தகைய பதில்! அருள் நாம் கேட்ட வடிவத்திலேயே வரவேண்டும் என்னும் நியதி இல்லை போலும்.

நோய் வந்தது. மந்திரமும் மருத்துவமும் பலிக்கவில்லை. தருமசேனர் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தமக்கையின் காலில் விழுந்தார். திலகவதியார் திருநீறு அளித்தார். விடியுமுன், வழக்கம்போல் திருவலகும் மெழுகுசாணமும் தண்ணீர்க் குடமும் எடுத்துக்கொண்டே தம்பியைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்றுகூட அவர் தம் வேலையை விடவில்லை! அங்கே அப்பரின் முதற் பதிகம் பிறந்தது, சூலை தீர்ந்தது. அவர் பாடல்கள் இன்று 4, 5, 6-ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன. பிற்காலத்தில் அவர் உழவாரப் படை ஏந்தி ஆலய முற்றங்களில் புல் செதுக்கினார். தமக்கையின் கைத்தொண்டு தம்பிக்கும் வந்து சேர்ந்தது.

வேண்டினால் நோய் தீரும் என்பதே இக்கதையின் பொருள் என்று கொண்டால் தவறாகும். தீராத நோய்கள் உண்டு. கனவிலும் பதில் வராத பிரார்த்தனைகள் உண்டு. கலிப்பகையார் திரும்பி வரவே இல்லை. திலகவதியாரின் நம்பிக்கை, காரணம் தெரிந்ததால் வந்ததன்று. தெரியாதபோதும் காலையில் எழுந்து திருவலகை எடுத்ததே அந்த நம்பிக்கை.

ஆகையால் அடுத்த முறை துக்க வீட்டுக்குச் செல்லும்போது ஈசுவர சித்தத்துக்கு வியாக்கியானம் செய்யாமல் இருப்போமாக. அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக் கொடுப்போம். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோம். "நீங்கள் எங்களுக்கு வேண்டும்" என்று சொல்வோம். திலகவதியாரை வாழ வைத்த சொல் அதுவே அல்லவா?