வயிற்றுக்கு விதை: எண்ணெய், பசை, காரம்

வயிறு சரியில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஒருத்தர் ஓமம் என்பார், இன்னொருத்தர் வெந்தயத்தை முழுங்கு என்பார், மூன்றாமவர் சீரகத் தண்ணி குடி என்பார். எல்லாமே விதை. ஆனால் எந்த விதை எந்தக் கோளாறுக்கு, அதை இடிக்கணுமா, ஊற வைக்கணுமா, கொதிக்க வைக்கணுமா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "அப்படித்தான் குடிப்பாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதற்கு விடை தேடிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். படித்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்றுதான். வயிற்றுக்குச் சொல்லப்படும் விதைகளை அவை வேலை செய்யும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரித்துவிடலாம்: எண்ணெய் விதை, பசை விதை, கார விதை. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பக்குவமும் தெரிந்துவிடும். பக்குவம் மாறினால் நல்ல விதையும் வீண்தான்.

1. எண்ணெய் விதைகள்: ஓமம், சீரகம், சோம்பு

இந்த மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். கொத்தமல்லியும் சதகுப்பையும்கூட இதே குடும்பம்தான். சரியாகச் சொன்னால் இவை விதையே இல்லை, காய்ந்த சின்னஞ்சிறு கனிகள். சோம்பை எடுத்து உற்றுப் பார்த்தால் நீளவாக்கில் வரிவரியாக மேடு தெரியும். அந்த மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களுக்கு அடியில் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. வாசனை எண்ணெய் அவற்றுக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறது.

100 கிராம் ஓமத்தில் இந்த எண்ணெய் ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் இருக்கும். அதில் பெரும்பங்கு தைமால் என்ற பொருள். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் தருவார்களே, அந்தப் படிகம் இதுதான். முதல் உலகப் போருக்கு முன்பு நம் நாட்டு ஓமம் தைமால் எடுப்பதற்காகவே ஜெர்மனிக்குக் கப்பலேறியிருக்கிறது. சோம்பின் இனிப்பு வாசனைக்குக் காரணம் அனெத்தோல் என்ற வேறொரு பொருள்.

இந்த எண்ணெய்கள் குடலின் தசை இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. வாயு அடைத்து வயிறு உப்பிக்கொண்டு இழுத்துப் பிடிக்கிற வலிக்கு இவை ஆறுதல் தருவது இதனால்தான். ஏப்பம் வந்ததும் "அப்பாடா" என்று இருக்கும்.

இனி பக்குவத்துக்கு வருவோம். முழு ஓமத்தை அப்படியே தண்ணீரில் போட்டால் எண்ணெய் குழாயை விட்டு அவ்வளவாக வெளியே வராது. லேசாக இடிக்க வேண்டும். அடுத்த கேள்வி, கொதிக்க வைக்கலாமா என்பது. தைமாலின் கொதிநிலை 232 டிகிரி செல்சியஸ். அதை வைத்து, கொதிக்கிற தண்ணீரில் அது பத்திரமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நீராவி அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். சித்த மருத்துவத்தில் ஓமத் தீநீர் இறக்குவது இதே தத்துவத்தில்தான்: ஆவியைப் பிடித்துக் குளிரவைத்தால் ஓம வாட்டர். அடுப்பில் திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வீடெல்லாம் மணக்குதே என்று சந்தோஷப்பட்டால், மருந்தில் பாதி காற்றோடு போய்விட்டது என்று அர்த்தம்.

அதனால் அரை டீஸ்பூன் ஓமத்தை இடித்து, ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, தட்டு போட்டு மூடி, பத்து நிமிஷம் கழித்து வடிகட்டிக் குடிப்பது நல்ல முறை. சீரகத்துக்கும் சோம்புக்கும் இதேதான். வெறுமனே வாயில் போட்டு நன்றாக மென்றாலும் சரி. சாப்பாட்டுக்குப் பிறகு சோம்பு கொடுக்கும் ஹோட்டல் வழக்கம் விவரமான வழக்கம்தான்.

எல்லா வயிற்று எரிச்சலுக்கும் இது சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் உள்ளவர்களுக்கு, இரைப்பையின் மேல்வாயில் இருக்கும் தசையும் தளர்ந்துவிட்டால் அமிலம் மேலே ஏறி எரிச்சல் கூடலாம். ஓமம் குடித்துவிட்டு "நெஞ்சு இன்னும் எரியுது" என்பவர்கள் நிறுத்திவிடுவது நல்லது.

2. பசை விதைகள்: வெந்தயம், இசப்கோல்

வெந்தயத்தை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் பருத்து, தண்ணீர் வழவழவென்று ஆகியிருக்கும். இங்கே வாசனைக்கு வேலை இல்லை, நார்ச்சத்துக்குத்தான் வேலை. வெந்தயத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நார்ச்சத்து. அதிலும் பாதிக்குப் பக்கம் தண்ணீரில் கரைந்து பசையாகிற வகை.

இசப்கோல் இதே வேலையை இன்னும் பலமாகச் செய்கிறது. அது ஒரு செடியின் விதை மேல்தோல். குஜராத்தில் உஞ்சா என்ற ஊர்ச் சந்தைதான் சீரகத்துக்கும் இசப்கோலுக்கும் பேர்போன இடம்.

ஒரே பொருள் மலச்சிக்கலுக்கும் கேட்கும், பேதிக்கும் கேட்கும் என்றால் ஏமாற்று வேலை போலத் தோன்றும். காரணம் எளிது. மலம் இறுகியிருந்தால் பசை தண்ணீரைப் பிடித்து வைத்து இளக்குகிறது. இளகியிருந்தால் மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்குகிறது.

இங்கே தண்ணீர்தான் மருந்தின் மறுபாதி. இசப்கோலை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். உலர்வாக வாயில் போட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பசை மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்தயம் சர்க்கரையைக் குறைக்கக் கூடியது என்பதால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தினசரி எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

3. கார விதை: பப்பாளி

பப்பாளி விதையைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடுகு மாதிரி சுர்ரென்று ஏறும். கடுகில் நடக்கிற அதே வேதியியல்தான். விதைக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருள்கள் நசுங்கும்போது சேர்ந்து காரமான ஒரு சேர்மம் உண்டாகிறது. குடல் புழுக்களை அதுதான் தாக்குவதாகக் கருதுகிறார்கள். முழுசாக விழுங்கினால் பலன் இருக்காது என்பதற்கும் இதுவே காரணம்.

2007இல் வெளியான ஒரு நைஜீரிய ஆய்வில், குடல் ஒட்டுண்ணி இருந்த 60 குழந்தைகளில் பாதிப் பேருக்குப் பப்பாளி விதைப் பொடியும் தேனும், மீதிப் பேருக்கு வெறும் தேனும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் குழுவில் 30க்கு 23 பேருக்கும், இரண்டாவதில் 30க்கு 5 பேருக்கும் ஒட்டுண்ணி நீங்கியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சின்ன ஆய்வு. விலங்குகளுக்கு இந்த விதையின் சாற்றை அதிக அளவில் கொடுத்தபோது ஆண்களின் விந்தணு குறைந்ததாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்திலேயே அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது குழந்தைக்கு இந்தப் பரிசோதனை தேவையா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் மாத்திரைதான்.

விதைகளை மூடி வைக்க வேண்டிய நேரம்

கைமருந்தால் வரும் கெடுதல் பெரும்பாலும் விதையால் வருவதில்லை, தாமதத்தால் வருகிறது. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். "வாயுவா இருக்கும், ஓமத்தைக் குடி" என்று இரண்டு நாள் ஓட்டினால் குடல்வால் வெடித்துவிடக்கூடும். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காய்ச்சலோடு வயிற்று வலி, நிற்காத வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர்.

பேதியானால் முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல். ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வெந்தயமெல்லாம் அதற்குப் பிறகு.

கைக்குழந்தை அழுதால் ஓம வாட்டர் புகட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வெறும் தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும்போது இது எண்ணெயா, பசையா, காரமா என்று ஒரு கணம் யோசித்தால் போதும், இடிப்பதா ஊற வைப்பதா என்பது தானாகத் தெரியும். கருஞ்சீரகத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெயரில் சீரகம் இருந்தாலும் அது வேறு குடும்பம், அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். உங்கள் வீட்டில் வயிற்றுக்கு வேறு ஏதாவது விதை புழங்கினால், எப்படிப் பக்குவம் செய்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயரைவிட அந்தப் பக்குவம்தான் எனக்கு முக்கியம்.