விடுமுறைக் காலமும் அயலவர் காவலும்

நத்தார், புதுவருடம், தைப்பொங்கல் என அடுத்தடுத்துப் பண்டிகைகள் வரும் நாட்களில் திருகோணமலை நகரின் குடியிருப்புகள் தமது வழமையான ஒழுங்கை இழந்துவிடுகின்றன. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்வோர் ஊர் திரும்புகின்றனர். ஊரில் இருப்போரிற் பலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் உறவினரைக் காணப் புறப்படுகின்றனர். ஒரே ஒழுங்கையில் ஒரு வீடு விருந்தினரால் நிரம்பி வழிய, அடுத்த வீடு பூட்டிக் கிடக்கின்றது. நிரம்பிய வீட்டில் நகையும் பணமும் இருக்கும். பூட்டிய வீட்டில் ஆள் இருக்கமாட்டார். இரண்டுமே கள்வனுக்கு வாய்ப்பானவை.

இதற்கு இயற்கையும் துணைபோகின்றது. டிசம்பர், ஜனவரி மாதங்கள் கிழக்குக் கரையில் வாடைக்காற்றின் காலம். அடைமழை பெய்யும் இரவில் யன்னல்கள் சாத்தப்படுகின்றன. படலை திறக்கும் ஓசையோ ஓடு நகரும் ஓசையோ மழையின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். மின்சாரம் தடைப்பட்டால் வீதி விளக்கும் அணைந்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி செப்டெம்பர் வரை நீடிக்கும் கோடைப் பருவத்திலோ நிலைமை வேறு. கடல் அடங்கும் அந்நாட்களில் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளை நாடி உள்நாட்டு, வெளிநாட்டுப் பயணிகள் வருகின்றனர். கோயில் திருவிழாக்களும் கூடிவிடுகின்றன. அப்போது வீடு உடைப்பை விட, சன நெரிசலில் சங்கிலி அறுப்பும் கைப்பை பறிப்புமே அச்சந் தருபவை. ஆகவே துறைமுக நகருக்கு விடுமுறைக் காலம் ஒன்றல்ல, இரண்டு என்பதையும், இரண்டுக்கும் வேண்டிய முன்னெச்சரிக்கை ஒன்றல்ல என்பதையும் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

குற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்க அமெரிக்க ஆய்வாளர்களான லோரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டில் ஓர் எளிய கோட்பாட்டை முன்வைத்தனர். குற்றம் புரியும் எண்ணமுடைய ஒருவர், அவரைக் கவரும் ஒரு பொருள் அல்லது ஆள், தடுக்கக்கூடிய காவல் இன்மை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடும்போதே குற்றம் நிகழ்கின்றது என்பது அவர்களது வாதம். இம்மூன்றில் ஒன்றை நீக்கிவிட்டாலும் குற்றம் தடைப்படும். கள்வனின் எண்ணத்தை மாற்றுவது அயலவரின் கையில் இல்லை. ஆனால் பொருளைக் கண்ணில் படாது வைப்பதும், காவலின்மையைப் போக்குவதும் அவர்களால் இயலும். இங்கு காவல் என்பது ஆயுதந் தாங்கிய ஆளைக் குறிப்பதன்று. எதிர்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு மூதாட்டியும், சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதியும், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் பலசரக்குக் கடையும் காவலே.

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரிலுள்ள கேர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சி இதற்கு நல்ல சான்றாகும். ஒருமுறை உடைக்கப்பட்ட வீடு, குறுகிய காலத்தினுள் மீண்டும் உடைக்கப்படும் ஆபத்து மற்றைய வீடுகளை விட அதிகம் என்பதை அங்கு பணியாற்றியோர் கண்டறிந்தனர். கள்வனுக்கு அந்த வீட்டின் உள்ளமைப்பு தெரிந்துவிடுகின்றது. இழந்த பொருளுக்குப் பதிலாகப் புதியது வாங்கப்படும் என்பதும் அவன் அறிந்ததே. எனவே களவு போன வீட்டைச் சூழவுள்ள ஏறக்குறைய ஆறு வீட்டாரை மட்டும் ஒன்றிணைத்து, அவ்வீட்டின் மீது கண் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டனர். வீடு உடைப்புகள் பெருமளவு குறைந்தன. ஊர் முழுவதையும் காக்க முயல்வதிலும், ஆபத்துக்குள்ளான வீட்டைச் சூழ்ந்து காப்பதே பயனுடையது என்பது அதிலிருந்து பெறப்படும் பாடம்.

அயலவர் காவல் என்பது நமக்கு மேனாட்டிலிருந்து வந்த புதுமையன்று. விதானையார் ஊரின் ஒவ்வொரு குடும்பத்தையும் பெயரறிந்து வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. ஊருக்குள் புதியவர் வந்தால் அவர் யார் வீட்டுக்கு வந்தவர் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும். 1963ஆம் ஆண்டில் கிராமத் தலைமைக்கார முறை ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் முறை வந்தது. ஒரு குடும்பத்தின் பரம்பரை அதிகாரத்துக்கு முடிவு கட்டிய அச்சீர்திருத்தம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஊரை அறிந்த கண் என்ற நிலையில் விதானையார் விட்டுச்சென்ற இடம் முழுமையாக நிரப்பப்படவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

அதன்பின் வந்த போர், அயலைக் காக்கும் கண்ணை அயலை வேவு பார்க்கும் கண்ணாக மாற்றிவிட்டது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. சந்தேகம் என்ற ஒரு சொல்லே ஒருவரின் வாழ்வைக் குலைக்கப் போதுமானதாயிருந்தது. விடுமுறை நாட்களும் இந்நகருக்கு இனிமையானவையாக எப்போதும் இருந்ததில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அண்மையிலுள்ள கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் சந்தேகநபர்களாகக் கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும், போதிய சான்றில்லை எனக்கூறி 2019 ஜூலை மாதத்தில் திருகோணமலை நீதிவான் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டனர். அதே 2006இல், சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாட்களே இருந்த ஏப்ரல் 12ஆம் திகதி, பொதுச்சந்தையில் குண்டு வெடித்தது. அதனைத் தொடர்ந்து மூண்ட இன வன்முறையில் மேலும் உயிர்கள் பறிபோயின, கடைகள் எரிந்தன.

பழைய புண்ணைக் கிளறுவதற்காக இவற்றை நினைவூட்டவில்லை. குற்றத்தைத் தடுப்பதில் பொலிஸாருக்கு ஒத்துழைப்பு வழங்குங்கள் என ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்போது, இந்நகரின் தாயொருத்தி ஏன் தயங்குகின்றாள் என்பதை இவ்வரலாற்றை அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது. சாட்சி சொல்ல முன்வருவோருக்குப் பாதுகாப்பில்லை என்ற அச்சம் களவு வழக்குகளையும் கூடப் பாதிக்கின்றது. கண்டதைச் சொல்ல ஆளில்லாத ஊரில் கண்காணிப்பினால் பயனில்லை. 2015இல் முதலில் இயற்றப்பட்டு, 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் மாற்றீடு செய்யப்பட்ட, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான உதவி, பாதுகாப்புச் சட்டம் இக்குறையைத் தீர்க்கவே கொண்டுவரப்பட்டது. அதன் பயன் பெரிய வழக்குகளோடு நின்றுவிடாது, சங்கிலி அறுத்தவனை அடையாளங் காட்டும் சாதாரண பெண்ணையும் சென்றடைய வேண்டும்.

நம்பிக்கை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். 2011 ஆகஸ்ட் மாதத்தில், நோன்பு காலத்தில், ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி கிழக்கெங்கும் பரவியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இரவில் பெண்களைத் தாக்கும் மர்ம மனிதர்கள் உலவுகின்றனர் என்ற பேச்சு, ஊர் ஊராக இளைஞர்களைத் தடிகளுடன் வீதிக்கு இறக்கியது. கிண்ணியாவில் அது பொதுமக்களுக்கும் கடற்படையினருக்கும் இடையிலான மோதலாக முடிந்தது. புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார். பீதியின் தோற்றம் எதுவாயினும், முறைப்பாடுகளை உரிய நேரத்தில் ஏற்று, விசாரித்து, உண்மையை மக்களின் மொழியில் அறிவித்திருந்தால் அது அந்த எல்லைக்குச் சென்றிருக்காது. அன்று வதந்தி வாய்வழி பரவியது. இன்று கைத்தொலைபேசிக் குழுக்களில் ஒரு நொடியில் நூறு வீடுகளைச் சென்றடைகின்றது. முச்சக்கரவண்டியில் வந்த அறியாத ஒருவரின் படத்தை ‘பிள்ளை பிடிகாரன்’ என்ற தலைப்புடன் பகிர்வது காவலன்று. அதுவே ஒரு குற்றத்தின் தொடக்கமாகிவிடலாம்.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே எல்லை வகுத்துள்ளது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமொன்றைத் தன் கண்முன்னே புரியும் ஒருவரைத் தனிநபர் ஒருவரும் பிடிக்கலாம். ஆனால் பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தாக வேண்டும். மரத்தில் கட்டி அடிப்பதற்கோ, வாக்குமூலம் பெறுவதற்கோ, படம் பிடித்து உலகுக்குக் காட்டுவதற்கோ எவருக்கும் அதிகாரமில்லை. கள்வனைப் பிடித்தவர்களே அடித்துக் காயப்படுத்திய குற்றத்துக்காகக் கூண்டில் ஏறும் நிலை வரக்கூடாது.

அவ்வாறாயின் அயலவர் செய்யத்தக்கவை எவை? ஒழுங்கை ஒன்றின் ஆறு அல்லது எட்டு வீட்டார் ஓர் அலகாக இணைவதே போதுமானது. யார், எந்நாள் முதல் எந்நாள் வரை வெளியூர் செல்கின்றனர் என்பதை அவர்கள் மட்டும் அறிந்திருக்க வேண்டும். முகநூலில் பயணப் படங்களை ஊர் திரும்பிய பின் இட்டாலும் அவை அழகாகவே இருக்கும். பூட்டிய வீட்டின் வாசலில் பத்திரிகையும் கடிதமும் தேங்காது எடுத்துவிடுவது, மாலையில் ஒரு விளக்கை ஏற்றுவது, முற்றத்துச் சருகைக் கூட்டிவிடுவது ஆகியன சிறிய பணிகளே. பூட்டு மட்டும் சொல்லாத ஒரு செய்தியை, இங்கே ஆளிருக்கின்றார் என்ற செய்தியை, அவை சொல்லுகின்றன.

நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைப்பதும், வைக்க இயலாதவற்றைப் படம் பிடித்து வைத்திருப்பதும் நன்று. களவு போன நகை அடைவு கடையிலோ நகைக்கடையிலோ கண்டெடுக்கப்படும்போது, அது தமதென நிறுவ முடியாமற் போவதே பலருக்கு நேரும் இரண்டாவது இழப்பாகும். கைத்தொலைபேசியில் *#06# என அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை எழுதி வைத்திருந்தால், தொலைந்த கருவியைத் தேடுவது எளிதாகும். வாடைக் காலத்தில் கரையேற்றப்பட்ட படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களுக்கும் இதே விதி பொருந்தும். அவற்றின் தொடர் இலக்கங்களை மீனவர் சங்கங்கள் பதிவு செய்து வைத்திருக்கலாம்.

அவசர வேளையில் எவரை அழைப்பது என்பது வீட்டிலுள்ள சிறுவர்களுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். பொலிஸ் அவசர அழைப்புக்கு 119, நோயாளர் காவு வண்டிக்கு 1990, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கான உதவிக்கு 1938, அனர்த்தங்களுக்கு 117. பண்டிகை நாட்களில் மதுவினால் பெருகும் வன்முறை பல வேளைகளில் வீட்டுக்குள்ளேயே நிகழ்வதை நாம் மறந்துவிடுகின்றோம். அயலவரின் கடமை அடுத்த வீட்டு நகையோடு முடிவதன்று. அடுத்த வீட்டுப் பெண்ணின் அழுகுரலைக் கேட்டும் ‘அது அவர்களின் குடும்ப விடயம்’ என ஒதுங்கும் ஊர் பாதுகாப்பான ஊராகாது.

பொலிஸாருக்கும் கடமைகள் உள. சிவில் பாதுகாப்புக் குழு, சமுதாயப் பொலிஸ் குழு எனப் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறியபோதிலும், கூட்டம் கூடித் தேநீர் அருந்திக் கலைவதோடு அவை நின்றுவிடுகின்றன என்ற மனக்குறை மக்களிடையே உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இம்மாவட்டத்தில் அக்குழுக்களும் கலப்பாகவே அமைய வேண்டும். பெண்களும் மீனவரும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் அவற்றில் இடம்பெற வேண்டும். அரசியற் கட்சிகளின் அடிவருடிகளுக்கான பதவிகளாக அவை ஆகிவிடலாகாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழியாகும். எனவே தமிழில் முறையிட வருபவர் தன் மொழியில் எழுதப்பட்ட முறைப்பாட்டைத் தானே வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடும் நிலை சலுகையன்று, உரிமை. அது மறுக்கப்பட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

அதிரடி நடவடிக்கைகள் இதற்கு மாற்றாக மாட்டா. 2023 டிசம்பர் 17ஆம் திகதி, இதேபோன்றதொரு பண்டிகைக் காலத்தில், நாடளாவிய ரீதியில் தொடங்கப்பட்ட ‘யுக்திய’ நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். தன்னிச்சையான கைதுகளும் துன்புறுத்தல்களும் இடம்பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அடுத்த மாதமே அதனை இடைநிறுத்துமாறு கோரினர். போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞன் அதற்கான பணத்துக்காகவே களவுக்குச் செல்கின்றான் எனில், அவனைச் சில வாரம் சிறையில் வைத்து வெளியே விடுவதால் அயலவர் அடையும் நிம்மதியும் சில வாரங்களுக்கானதே. அவனுக்குச் சிகிச்சையும் தொழிலும் கிடைக்கும்போதே அந்த வீட்டாரும் அயலாரும் அமைதியாக உறங்கலாம்.

இயற்கைத் துறைமுகத்தைத் தன் மடியில் வைத்திருக்கும் இந்நகரைக் காக்க வல்லரசுகள் பல நூற்றாண்டுகளாகக் கோட்டைகளையும் பீரங்கிகளையும் நிறுவின. அவை காத்தது துறைமுகத்தை, ஒழுங்கைகளில் வாழ்ந்தோரையன்று. ஒழுங்கைகளைக் காக்கும் பொறுப்பு அங்கே வாழ்வோரிடமும், அவர்களது நம்பிக்கையைப் பெற வேண்டிய பொலிஸாரிடமும் உள்ளது. வெளியூர் செல்லுமுன் வீட்டுத் திறப்பை அயலவரிடம் கொடுத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அந்த அயலவர் வேற்று மொழி பேசுபவராகவோ வேற்று மதத்தவராகவோ இருப்பினும் தயக்கமின்றித் திறப்பைக் கொடுக்கக்கூடிய நாளே, இந்நகர் உண்மையிற் பாதுகாப்பு அடைந்துவிட்டது என நாம் கூறக்கூடிய நாளாகும்.