பச்சை குத்திய கையும் பணி வாய்ப்பும்



பச்சை குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ள செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மார்க்கத்தின் தீர்ப்பு இவ்வளவு தெளிவாக இருந்தும், நம் பிள்ளைகளில் சிலர் கல்லூரிப் பருவத்தில் நண்பர்களைப் பார்த்து இதில் விழுந்துவிடுகின்றனர். ஹராம் என்றால் காதில் வாங்காத பிள்ளையும் வேலை என்றால் சற்று நின்று கேட்பான். எனவே அந்தப் பக்கத்தையும் விளக்க வேண்டியுள்ளது.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிகள் பச்சை குத்துவதை அடியோடு தடுக்கவில்லை. பெயரும் மதச் சின்னமும் இருக்கலாம். ஆனால் இடம் முக்கியம். இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை மட்டுமே ஏற்கப்படும். அதுவும் அப்பகுதியின் கால் பங்கிற்கும் குறைவாக இருக்க வேண்டும். வலது முன்கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் அங்கிருந்தால் தகுதியிழப்புதான். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் வென்ற இளைஞர் மருத்துவச் சோதனையில் இதனால் திருப்பி அனுப்பப்படுகிறார். 2022ஆம் ஆண்டில் இத்தகைய ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகி, பச்சையை அகற்றிக்கொண்டு மீண்டும் மருத்துவக் குழுவின் முன் நிற்க அனுமதி பெற்றார். எத்தனை பேரால் நீதிமன்றம்வரை செல்ல இயலும்?

வளைகுடாவிலும் இதே நிலை உண்டு. எமிரேட்ஸ் நிறுவனம் விமானப் பணியாளர்களுக்குச் சீருடையில் வெளியே தெரியும் பச்சை கூடாது என்கிறது. ஒப்பனை பூசியோ கட்டுப் போட்டோ மறைப்பதையும் அது ஏற்பதில்லை. மாறாக, அமெரிக்க ராணுவம் 2022இல் ஒவ்வொரு கையிலும் ஓர் அங்குலத்திற்கு மிகாத பச்சையை அனுமதித்தது. கணினி நிறுவனங்கள் பலவும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பதினெட்டு வயதில் குத்திக்கொள்பவனுக்கு, இருபத்து மூன்றில் தான் எந்த வாசலில் நிற்பான் என்பது தெரியாது.

அழிப்பது எளிதா? மை மேல்தோலுக்கு அடியில் தங்கிவிடுகிறது. (அது நீரைத் தடுக்காது, ஆகவே உளூ கூடாது என்று கூறி அப்பிள்ளையைப் பள்ளிவாசலிலிருந்து விலக்கி வைப்பது சரியன்று.) லேசர் ஒளி அம்மையைப் பொடியாக்க, உடல் அதனைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறது. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். கறுப்பு ஓரளவு எளிதில் மங்கும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதமானவை. வேலை விளம்பரம் வந்தபின் தொடங்கினால் மருத்துவச் சோதனைக்குள் முடியாமல் போகலாம். அமிலம் தடவி அழிக்க முயல்வோருக்குத் தழும்புதான் மிஞ்சும். எனவே பிள்ளையின் முழுக்கைச் சட்டைக்குள் இருப்பதைக் கண்டுபிடித்த அன்றே, திட்டித் தீர்த்த பிறகாயினும், அவனைத் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.