பேஸ் கிட்டார் வாங்கப் போறீங்களா? நிறத்துக்கு முன்னாடி கழுத்தைப் பாருங்க

ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து ஒரு பேண்ட் ஆரம்பிக்கிறார்கள். கிட்டாருக்கு மூன்று பேர் தயார், டிரம்ஸுக்கு ஒருவர், பாட எல்லோரும் ரெடி. பேஸ் வாசிக்கத்தான் ஆளில்லை. "நாலு தந்திதானே, நீ வாசியேன்" என்று உங்களைப் பார்க்கிறார்கள். அன்று ராத்திரியே ஷாப்பிங் ஆப்பைத் திறந்தால் நிறம், மரம், பிராண்ட், இஎம்ஐ என்று தலை சுற்றுகிறது.

இதில் பெரும்பாலானவை அப்புறம் சரிசெய்துகொள்ளக்கூடியவை. தந்தியை மாற்றலாம், அதன் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், பிக்அப்பைக் கழற்றி வேறு போடலாம். ஆனால் கழுத்தின் பருமனையும் பிக்அப் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் மாற்ற வேண்டுமானால் மரத்தில் கைவைக்க வேண்டும், அல்லது புதுக் கழுத்துக்கே காசு கொடுக்க வேண்டும். அதனால் காசைக் கொடுக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கழுத்து: கைக்குப் பொருந்துமா?

ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் பிரெசிஷன் பேஸையும், 1960-ல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. இன்று கடையில் தொங்கும் பல பேஸ்கள் இந்த இரண்டில் ஒன்றின் சாயல்தான். கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதிந்து உட்காரும் சின்னக் கட்டைக்கு நட் என்று பெயர். அதன் அகலம் ஜாஸ் வகையில் சுமார் 38 மில்லிமீட்டர். பிரெசிஷன் வகையில் பொதுவாக 41-க்கு மேல். ஸ்கேலில் பார்த்தால் ஒன்றுமே இல்லாத வித்தியாசம். கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு கருவி மாதிரி இருக்கும். மாடலுக்கு மாடல் இது மாறுவதால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். விவரப் பட்டியலில் நட் அகலத்தைத் தேடிப் பாருங்கள்.

அகலம் ஒரு பக்கம், பின்புற வளைவு இன்னொரு பக்கம். இந்த வளைவை சி, டி, யூ என்று ஆங்கில எழுத்துகளின் வடிவத்தை வைத்தே சொல்வார்கள். சி மெல்லிய வளைவு, பலருக்கும் ஒத்துப்போகும். டி கொஞ்சம் தட்டை. யூ உள்ளங்கையை நிரப்பும். மெல்லிசா இருந்தால்தான் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது எல்லாக் கைக்கும் சரியில்லை. பெரிய கை உள்ளவர்கள் மெல்லிய கழுத்தைக் கிடுக்கிப்பிடியாகப் பிடிப்பார்கள், கட்டைவிரல் அடியில் வலி வந்துவிடும். நாள் முழுக்க கீபோர்டில் இருந்த மணிக்கட்டுக்கு இது இரட்டைத் தண்டனை.

கை சின்னது என்றால் கழுத்தின் பருமனைவிட தந்தியின் நீளம்தான் முக்கியம். வழக்கமான பேஸில் அந்த நீளம் 34 இன்ச். நட்டிலிருந்து நாலாவது ப்ரெட் வரை விரல்கள் கடக்க வேண்டியது சுமார் 17.8 சென்டிமீட்டர். 30 இன்ச் ஷார்ட் ஸ்கேல் பேஸில் அதே தூரம் 15.7 தான். 'அது குழந்தைகளுக்கானது' என்று கடையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி கையில் இருந்த ஹோஃப்னர் வயலின் பேஸும் 30 இன்ச்தான்.

பிக்அப்: எங்கே இருக்கிறது?

தந்தி அதிர்வதை மின்சாரமாக மாற்றும் காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்ததுதான் பிக்அப். கயிறு தாண்டும் விளையாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கயிறு பெரிதாகச் சுழலும், பிடித்திருப்பவர் கையருகே கொஞ்சம்தான் அசையும். தந்தியும் அப்படித்தான். கழுத்துப் பக்கம் வைத்த பிக்அப் பெரிய அசைவைப் பிடிக்கும்; ஒலி கனமாக, உருண்டையாக வரும். தந்தி முடியும் பிரிட்ஜ் பக்கம் வைத்தால் கனம் குறைந்து, மேலே உள்ள கூர்மையான ஒலிகள் முன்னால் வரும்.

பிரெசிஷனில் 1957 முதல் இரண்டாகப் பிளந்த ஒரே பிக்அப், நடுவாக்கில் இருக்கிறது. மோட்டவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த அந்தக் கனத்த ஒலி இந்த இடத்திலிருந்து வந்தது. ஜாஸ் பேஸில் இரண்டு பிக்அப். எதை எவ்வளவு கூட்டுவது என்பது உங்கள் இஷ்டம். ஜாக்கோ பஸ்டோரியஸின் உறுமல், பிரிட்ஜ் பக்கத்து பிக்அப்பின் வேலை. ஆனால் ஜாஸில் ஒரு பிக்அப்பை மட்டும் திறந்தால் லேசாக 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கும். பொதுவாக இரண்டையும் சமமாகத் திறந்தால் அது அடங்கிவிடும். லேப்டாப்பும் சார்ஜரும் சூழ்ந்த அறையில் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

1976-ல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே, பெரிய பிக்அப் ஒன்றை பிரிட்ஜை நோக்கித் தள்ளி, பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டும் சேர்த்தது. ஸ்லாப் வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு அது பிடிக்கும்.

முதல் பேஸ், அதுவும் பேண்டில் வாசிக்க என்றால் என் ஓட்டு நடுவில் பிக்அப் உள்ள பிரெசிஷன் வகைக்குத்தான். டிரம்ஸும் மூன்று கிட்டாரும் அலறும்போது காணாமல் போகாது. மனசு ஊசலாடினால், நடுவில் ஒன்றும் பிரிட்ஜ் அருகே ஒன்றும் உள்ள பிஜே வகையைப் பாருங்கள்.

ஒலியை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதீங்க. பேஸின் மிகக் கீழான தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதனால் வீடியோவில் பிரிட்ஜ் பிக்அப் 'தெளிவாகவும்' பிரெசிஷன் 'மந்தமாகவும்' தோன்றும். சந்தேகம் இருந்தால் இளையராஜாவின் 1980-களின் பாட்டு ஒன்றை ஃபோனிலும் பிறகு நல்ல ஹெட்போனிலும் கேட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போனால் முதலில் ஆம்பில் மாட்டாமலேயே பத்து நிமிடம் வாசியுங்கள். முதல் நாலு ப்ரெட்டில், தடித்த தந்தியில், நாலு விரலையும் மாற்றி மாற்றி வையுங்கள். பிறகு பெல்ட் மாட்டி எழுந்து நின்று கையை விட்டுப் பாருங்கள். தலைப்பக்கம் கீழே சாய்ந்தால், வாசிக்கும்போது அதைத் தாங்குவதும் உங்கள் இடது கைதான். அதன்பின் ஆம்பில் மாட்டி, ட்ரெபிள், பேஸ் திருகுகளை நடுவில் வைத்து, ஒவ்வொரு பிக்அப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், நண்பரின் பேஸ் ஒன்றைப் பிடித்துப் பார்த்து, அது கைக்கு ஒத்துவந்தால் அதன் நட்டை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தேடுங்கள்.