குடும்பம் மாறுகிறது, பயிர்த் திட்டமும் மாற வேண்டும்

ஒரு வட்டாரத்தில் என்ன பயிரிடலாம் என்பதை மண்ணும் நீரும் மட்டும் முடிவு செய்வதில்லை. வயலுக்கு இறங்க வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கையில் பணம் எந்த மாதத்தில் வருகிறது என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. தென்காசி, குற்றாலம் பகுதியில் இவ்விரண்டும் மாறிவிட்டன. பயிர்த் திட்டமோ பல வீடுகளில் பழையபடியே இருக்கிறது.

மக்கள் நிலை

தமிழகத்தில் சொந்தமாகச் சாகுபடி செய்வோர் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 51 லட்சம் பேர். 2011-ல் சுமார் 42 லட்சம் பேர். அதே 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இங்கு ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். எனவே, இன்றைய ஆள் பற்றாக்குறை ஓரிரு பருவத்தில் தீரக்கூடியது அல்ல.

வருமான நிலை

முன்பு நெல் அறுவடையை ஒட்டியே வீட்டுச் செலவு நடந்தது. இன்று ஒரே வீட்டில் பல வகையான வரவு உண்டு. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பகுதிகளில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகின்றனர். 2011 முதல் மத்தளம்பாறையில் கணினி மென்பொருள் நிறுவனம் இயங்குவதால், படித்த இளைஞர்களில் சிலருக்கு ஊரிலேயே மாதச் சம்பளம் கிடைக்கிறது. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணம் தனி. குற்றாலத்தில் கடை, வாகனம், விடுதி வேலைகள் சாரல் காலத்தை நம்பி நடக்கின்றன.

இங்கேதான் சிக்கல். சாரல் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. கார் நெல்லுக்கும் அதுவே பருவம். ஒரு ஏக்கர் கை நடவுக்குப் பதினைந்து, இருபது பேர் தேவைப்படும் அதே நாட்களில்தான் அருவிக்கரையிலும் ஆள் தேவைப்படுகிறது. நடவு தள்ளிப்போய் நாற்று முற்றினால் தூர் குறையும், விளைச்சலும் குறையும்.

செய்ய வேண்டியவை

1. காருக்கு இயந்திர நடவை முன்கூட்டியே திட்டமிடுங்கள். பாய் நாற்றங்காலில் 15 நாள் வயதுள்ள நாற்று போதும். பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் நடவு வைத்தால் இயந்திரம் எளிதில் கிடைக்கும், வாடகையும் குறையும்.

2. பிசான அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாட்களுக்கு முன், வயலில் ஈரம் இருக்கும்போதே உளுந்து விதையுங்கள். உழவும் இல்லை, நடவும் இல்லை.

3. காய்கறிக்கு அன்றாடம் ஆள் வேண்டும். வீட்டில் இருவராவது வயலுக்கு வர முடிந்தால் மட்டும் பாவூர்சத்திரம், சுரண்டை சந்தைகளை நம்பிக் காய்கறி போடலாம். முதியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்குத் தென்னை, எலுமிச்சை ஏற்றவை. எலுமிச்சை காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை மாதச் சம்பளம் உள்ள வீடு தாக்குப்பிடிக்கும். கூலியை மட்டும் நம்பிய வீடு தாக்குப்பிடிக்காது.

4. ஆண்கள் வெளியூரில் இருக்க, வயலைப் பார்ப்பவர் பெரும்பாலும் பெண்தான். ஆனால் பட்டா இன்னும் மறைந்த மாமனார் பெயரிலேயே இருக்கும். பயிர்க் கடன், காப்பீடு, 2019-ல் தொடங்கிய பிரதமரின் ஆண்டுக்கு ரூ.6,000 உதவி ஆகியவற்றுக்கு நில ஆவணமே அடிப்படை. ஆகவே, வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றுங்கள். சாகுபடி செய்பவர் பெயரை அடங்கலில் பதியச் செய்யுங்கள்.

தமிழகத்தில் சராசரி நில உடைமை 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 0.75 எக்டர்தான். இந்தச் சிறு நிலம் இரண்டு பருவம் தரிசாகக் கிடந்தால், மூன்றாம் பருவத்தில் மனை வியாபாரி விலை பேச வந்துவிடுவார். மனையாகிப்போன நன்செய் மீண்டும் வயலாவதில்லை. அடுத்த கார் பருவத்துக்கு முன், வீட்டில் யார் யார் வேலைக்கு உண்டு, எந்த மாதம் எவ்வளவு வரவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் சென்றால், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் பயிர்த் திட்டத்தை அலுவலர்களுடன் கலந்து வகுக்கலாம்.