பரண் எவ்வளவு உயரத்தில்?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா, அயோவா போன்ற மாநிலங்களில் கோடை முடியும் தறுவாயில் வில்வேட்டைக்காரர்கள் காட்டுக்குள் மரம் பார்க்கப் போவார்கள். அவர்கள் காத்திருப்பது வெள்ளைவால் மானுக்காக. விடிவதற்கு முன்பே மரமேறி, ஓர் ஆள் நிற்குமளவே உள்ள சிறிய உலோகப் பரணில் அசையாமல் உட்கார்ந்து, மான் தன்போக்கில் நடந்து 20 கஜத்துக்குள் வரும்வரை பொறுத்திருப்பது அங்கே பரவலான முறை. வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கும் ஏற்பாடு விஸ்கான்சினில் 1934-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். அமெரிக்காவில் அது சட்டத்துக்கு உட்பட்டது. ஒருவர் எத்தனை மான் வேட்டையாடலாம், எந்த மாதத்தில், எந்த ஆயுதத்தால் என்பதை ஒவ்வொரு மாநில அரசும் வரையறுத்து உரிமம் கொடுக்கிறது.

புதிதாக வில்லெடுப்பவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பரணை எத்தனை அடியில் கட்டுவது என்பது. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எண்: 20 அடி. சிலர் 25 என்பார்கள்; சிலர் பெருமையோடு 30 என்பார்கள். எண்ணிலிருந்து தொடங்குவதே சரியில்லை. அம்பு மானின் உடலுக்குள் எந்த வழியாகப் போகப்போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பரண் உயர உயர மானின் கண்ணுக்குத் தப்புவது எளிதாகிறது, மானைச் சட்டென்று வீழ்த்துவது கடினமாகிறது. ஆகவே மறைவுக்குத் தேவையான அளவு ஏறினால் போதும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுப்பது மான்தான்.

அம்பு கொல்லும் விதம் தோட்டாவிலிருந்து வேறுபட்டது. அம்புமுனையின் கூரிய அலகுகள் இரத்தக்குழாய்களை அறுக்கின்றன. இரத்தம் இழந்து மான் விழுகிறது. இரண்டு நுரையீரல்களும் துளைபட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும், பெரும்பாலும் 100 கஜம் ஓடுவதற்குள் கீழே கிடக்கும். ஒரே ஒரு நுரையீரலில் மட்டும் அம்பு பாய்ந்தால் கதை வேறு. அந்த மான் மணிக்கணக்கில் நடக்கலாம், வெகுதூரம் போகலாம், யாரும் கண்டுபிடிக்க முடியாத புதருக்குள் துன்பப்பட்டுச் சாகலாம். நுரையீரல்கள் மார்புக்கூட்டில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அடுத்தடுத்து வைத்த இரண்டு குடங்களைப் பக்கவாட்டில் குத்தினால் ஒரு கோல் இரண்டையும் துளைக்கும்; தலைக்கு மேலிருந்து குத்தினால் ஒரு குடம்தான் உடையும். பரணின் உயரம் பற்றிய விவாதத்தின் உயிர்நாடி இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடிப் பரணில் எழுந்து நின்று எய்பவரின் அம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 25 அடி உயரத்தில் புறப்படுகிறது. மானின் மார்பு மையம் 3 அடி உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அம்பு இறங்க வேண்டியது 22 அடி. மான் 20 கஜத்தில், அதாவது 60 அடியில் நின்றால் அம்பு சுமார் 20 பாகை சாய்வில் நுழையும். அதே மான் 10 கஜத்துக்கு வந்துவிட்டால் சாய்வு 36 பாகை. இப்போது பரணை 30 அடிக்கு உயர்த்துங்கள். 20 கஜத்தில் 28 பாகை. 10 கஜத்தில் 47 பாகை.

மார்பின் அகலம் 1 அடி என்று வைத்துக்கொண்டால் இந்தச் சாய்வுகளின் பொருள் விளங்கும். 20 பாகையில் போகும் அம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குள் நாலரை அங்குலம் தாழ்கிறது. 36 பாகையில் கிட்டத்தட்ட 9 அங்குலம். 47 பாகையில் 13 அங்குலம். எய்பவர் குறிவைக்கும் உயிர்ப்பகுதியின் உயரமே 8 முதல் 10 அங்குலம்தான். ஆக, 30 அடிப் பரணின் கீழே நெருங்கி நிற்கும் மானில் அம்பு முதுகுப் பக்கம் நுழைந்து, அருகிலுள்ள நுரையீரலைக் கிழித்து, தூரத்து நுரையீரலைத் தொடாமலே அடிவயிற்றுப் பக்கம் இறங்கிவிட வாய்ப்புண்டு. போதாக்குறைக்கு, மேலிருந்து பார்க்கும்போது முதுகெலும்பும் தோள்பட்டை எலும்பும் வழியை மறிக்கின்றன. எலும்பில் சிக்கி அம்பு மறுபக்கம் வெளியே வராவிட்டால் இரத்தம் உடலுக்குள்ளேயே தேங்கும், தரையில் சொட்டாது. தடம் பிடித்துப் போகவும் வழி இருக்காது.

சாய்வு 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல வரம்பு என்று எனக்குப் படுகிறது. 20 அடிப் பரணுக்கு இதன் பொருள், மான் நடக்கும் தடம் மரத்திலிருந்து 13 கஜத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது. தடத்தின் மேலேயே கவிந்திருக்கும் மரம் பார்ப்பதற்கு ஆசையாக இருக்கும். அதை விட்டுவிட்டு 15, 20 கஜம் தள்ளி நிற்கும் மரத்தைத் தேர்ந்தெடுப்பவர் பாதிப் பிரச்சினையைக் கீழேயே தீர்த்துவிடுகிறார். மான் ஆடாமல் பக்கவாட்டில் நிற்கும்வரையும், மரத்தடியிலேயே வந்துவிட்டால் விலகிப் போகும்வரையும் காத்திருப்பதும் இதே கணக்கில் சேர்ந்ததுதான்.

உயரத்திலிருந்து எய்பவர்கள் பெரும்பாலும் மானின் முதுகுக்கு மேலேதான் தவறவிடுகிறார்கள். இதற்குக் காரணம் இரண்டு. புவியீர்ப்பு அம்பை இழுப்பது கிடைமட்டத் தூரத்துக்கு ஏற்றபடிதான். 30 அடிப் பரணிலிருந்து 10 கஜத்திலுள்ள மானுக்குக் கண்பார்வைக் கோட்டில் தூரம் கிட்டத்தட்ட 15 கஜம். அம்புக்குக் கணக்கு 10 கஜமே. சாய்வைக் கணக்கிட்டுத் தூரம் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர்கள் இதற்காகவே வந்தவை. 20 அடி உயரத்தில், 20 கஜத்தில், இந்த வேறுபாடு ஒன்றேகால் கஜம்தான். அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. பெரிய காரணம் உடலின் நிலை. கீழே குறிவைக்கும்போது பலரும் வில் பிடித்த கையை மட்டும் தாழ்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் நாண் இழுக்கும் நீளமும் கண் பார்க்கும் கோணமும் மாறிவிடும். சமதரையில் நிற்பதுபோல் வில்லை முழுதாக இழுத்து நிறுத்திவிட்டு, பிறகு இடுப்பிலிருந்து குனிய வேண்டும். தரையில் மட்டும் பழகியவருக்கு இது பரணில் திடீரென்று வராது. பருவத்துக்கு முன்பே, அதே உயரத்திலிருந்து மான் உருவப் பொம்மையில் எய்து பழக வேண்டும்.

சரி, அப்படியானால் ஏன் ஏறவே வேண்டும்? மானின் கண்ணுக்காக. அதன் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 300 பாகை சுற்றளவைத் தலை திருப்பாமலே பார்க்கும். விழித்திரையில் கூர்ந்து பார்க்கும் பகுதி கிடைமட்டமாக நீண்டிருக்கிறது. அடிவானத்தை ஒட்டிய சிறு அசைவும் அதற்குப் பிடிபடும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல், நீலம் பளிச். பரணில் நீல ஜீன்ஸ் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தலைக்கு மேலே இருப்பதை மான் வழக்கமாகக் கவனிப்பதில்லை, ஆனால் வேட்டை மிகுந்த பகுதிகளில் அது மரங்களை அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொள்கிறது.

இங்கேதான் உயரத்தைவிட மறைவு முக்கியமாகிறது. பின்னால் தடித்த அடிமரமும் சுற்றிலும் கிளைகளும் உள்ள மரத்தில் 15 அடி போதும். மொட்டை மரத்தில் 25 அடியிலும் ஆள் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு கறுப்பு உருவமாகத் தெரிவார். வில்லைத் தூக்கும் நேரத்தில் மான் கண்டுகொள்ளும். அக்டோபர் தொடக்கத்தில் இலைகள் அடர்ந்திருந்த மேப்பிள் மரம், ஆண் மான்கள் பெண் மான்களைத் துரத்தித் திரியும் நவம்பரில் ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும். ஓக், பீச் மரங்களில் பல, காய்ந்த இலைகளைக் குளிர்காலத்திலும் உதிர்க்காமல் வைத்திருக்கும். பைனும் ஹெம்லாக்கும் எப்போதும் பசுமை. மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அன்றைய இலையைப் பார்க்காமல் நவம்பர் இலையை எண்ணிப் பார்ப்பவர் பரணைப் பல அடி தாழ்த்திக் கட்டலாம்.

மலைச்சரிவில் எந்த எண்ணும் செல்லாது. 20 பாகை சரிவில் பரண் மரம் நிற்கிறது, மானின் தடம் மேட்டுப் பக்கம் 20 கஜம் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடம் மரத்தடியைவிட 22 அடி உயரத்தில் இருக்கும். 20 அடிப் பரணில் நிற்பவரும் மானும் நேருக்கு நேர் கண் பார்ப்பார்கள். தடம் பள்ளத்துப் பக்கம் போனால் நிலைமை தலைகீழ்: அம்பு 44 அடி இறங்க வேண்டும், சாய்வு 36 பாகையாகிவிடும். முதல் நிலையில் இன்னும் ஏற வேண்டும் அல்லது வேறு மரம் பார்க்க வேண்டும். இரண்டாவதில் 10 அடியே தாராளம். பரணுக்கும் மரத்தடிக்கும் உள்ள உயரத்தை அளந்து பயனில்லை. பரணுக்கும் மான் நிற்கப்போகும் இடத்துக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும்.

உயரே போனால் மனித வாடை மானுக்கு எட்டாது என்று நம்பி ஏறுகிறவர்கள் உண்டு. ஓரளவே உண்மை. வாடை அருகிலுள்ள மானின் தலைக்கு மேலாகக் கடந்து, தொலைவில் தரை இறங்கும். காலை வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேல்நோக்கி நகரும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி வழியும். மாலைநேரப் பரணில் 30 அடி ஏறினாலும் வாடை கீழே வந்து சேர்ந்துவிடும். காற்று மான் வரும் திசைக்கு வீசினால் அன்று அந்தப் பரணில் ஏறாமலிருப்பதே வழி.

இனி, ஏறுகிறவரின் உயிர். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் படுகாயம் அடைவதற்கும் இறப்பதற்கும் முக்கியக் காரணங்களில் பரணிலிருந்து விழுவது ஒன்று. 15 அடியிலிருந்து விழுபவர் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார். 20 அடியில் 39. 30 அடியில் 48. விழுவதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடி சொச்சம். எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. உட்கார்ந்திருக்கும்போது விழுவதைவிட ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும் விழுவது மிகுதி. அதனால் முழு உடலையும் தாங்கும் ஹார்னஸைத் தரையிலேயே மாட்டி, மரத்தில் மேலிருந்து கீழ்வரை கட்டிய உயிர்க்கயிற்றோடு இணைத்துக்கொண்டே ஏற வேண்டும். அந்தக் கயிற்றில் ப்ரூசிக் முடிச்சை நகர்த்திக்கொண்டே போகலாம். எடை விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். பரணில் அமர்ந்தபின் ஹார்னஸின் வார் தலைக்கு மேலே, தொய்வில்லாமல் இருக்க வேண்டும். விழுந்து தொங்க நேர்ந்தால் தொடை வார்கள் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கால் ஊன்றி எடையைத் தளர்த்த ஒரு வளையக் கயிறு பையில் இருப்பது அவசியம். வில்லையும் அம்புகளையும் கையில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது; மேலே போய்க் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

மரமும் உயிருள்ளதாக இருக்க வேண்டும். நேராக வளரும் ஆஷ் மரம் ஒருகாலத்தில் பரணுக்கு உகந்ததாக இருந்தது. 2002-இல் மிச்சிகனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரகத நிற ஆஷ் துளைப்பான் வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. செத்த ஆஷ் நொறுங்கும். கிட்டப் போகவே கூடாது. பட்டை உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரியில், மரத்தைக் கவ்விக்கொண்டு நகரும் வகைப் பரண் வழுக்கும். மேலே போகப் போக அடிமரம் மெலிவதும் காற்றில் ஆடுவதும் சேர்ந்துகொள்கின்றன. தயாரிப்பாளர் குறிப்பிடும் மரச் சுற்றளவும் எடை வரம்பும் கட்டப்போகும் இடத்தில் பொருந்த வேண்டும், அடியில் பொருந்தினால் போதாது. ஆண்டு முழுவதும் வெயிலில் விட்ட வார்கள் நைந்துபோகும். மரம் பருத்து அவற்றை இறுக்கும். ஒவ்வொரு பருவத்துக்கும் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அரசு நிலங்களில் மரத்தில் ஆணி அடிக்கவும் திருகுப்படி ஏற்றவும் பல மாநிலங்களில் தடை உண்டு. வார் கட்டும் படிகளே அங்கே பொருந்தும்.

தென் டெக்சாஸின் மெஸ்கீட் புதர்க்காடுகள் போன்ற இடங்களில் பரண் தாங்கும் மரம் கிடைப்பது அரிது. அங்கே முக்காலிப் பரணோ தரையில் போடும் துணிக்கூடாரமோதான் வழி. தரைக்கூடாரத்திலிருந்து போகும் அம்பு கிட்டத்தட்ட நேராக, இரண்டு நுரையீரல்களையும் கடந்து போகும். சாய்வு பற்றிய கவலையே கிடையாது. ஆனால் மானின் பார்வை முழுதும் உங்கள் மட்டத்தில் இருக்கும். எனவே கூடாரத்தின் பின்பக்கச் சன்னல்களை மூடி, உள்ளே கறுப்பு உடையில் இருக்க வேண்டும். மான்கள் அந்தப் புது உருவத்துக்குப் பழகும்படி பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே கூடாரத்தைப் போட்டுவிட வேண்டும்.